எல்லாருக்கும் ஒரே அளவுக் கல்

(தொலைக்காட்சிக் கருத்துமேடை நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் மற்றவர்களை அறிமுகப்படுத்திவிட்டு ஓரமாக நின்றுகொள்வதுதான் வழக்கமாக என் வேலை. இன்று என்னையே பேசச் சொல்லிவிட்டார்கள். தலைப்பையும் நானே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். ஓர் இடுகாட்டைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று சொன்னதும் தயாரிப்பாளர் முகம் போன போக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "ராத்திரி சாப்பாட்டு நேரம்மா..." என்று இழுத்தார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும் நேயர்கள் மன்னிக்கவும். பயமுறுத்தும் பேச்சு எதுவும் இதில் கிடையாது.

சென்ற ஆண்டு என் அப்பா காலமானார். அடக்கம் செய்து சில மாதங்கள் கழிந்ததும் சமாதி கட்டும் பேச்சு வந்தது. கல் வேலை செய்பவர் வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் தடிமனான படத் தொகுப்பு. ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக் காட்டினார். டைல்ஸ் பதித்தது, மார்பிள், கிரானைட், மேலே கூரை போட்டது, நான்கு தூண் வைத்தது. "பக்கத்துச் சமாதி ஆறடி கட்டியிருக்காங்க" என்று ஒரு வார்த்தை போட்டார். அவ்வளவுதான். அண்ணன் உடனே ஏழடி என்றார். அதுவரை பேசாமல் இருந்த அம்மா, "உங்கப்பா உயரமே அஞ்சடி மூணு அங்குலம். அவருக்கு எதுக்குப்பா ஏழடியில கல்லு?" என்று கேட்டார்.

அந்த நேரத்தில் எனக்கு ஓர் இடம் நினைவுக்கு வந்தது. ஒளிபரப்புத் துறைப் பயிற்சி ஒன்றுக்காக 2019-ஆம் ஆண்டு அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்துக்குப் போயிருந்தேன். அங்கே வின்ஸ்டன் - சேலம் என்று ஒரு நகரம். சேலம் என்றதும் மாம்பழத்தை நினைக்காதீர்கள். எபிரேய மொழியில் அமைதி என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. வின்ஸ்டன், சேலம் என்ற இரண்டு சிகரெட் பெயர்களும் உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தவர்கள் கை தூக்க வேண்டாம், வீட்டில் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்தப் பெயர்கள் இந்த ஊரிலிருந்து போனவைதான். 1913-இல் வின்ஸ்டன் என்ற ஊரும் சேலம் என்ற ஊரும் ஒன்றாக இணைந்தன. இரண்டில் பழையது சேலம். 1766-இல் மொராவியர்கள் என்ற கிறிஸ்தவச் சபையினர் காட்டை வெட்டி உருவாக்கிய ஊர் அது.

மொராவியா என்பது இன்றைய செக் குடியரசின் ஒரு பகுதி. அங்கே சமய ஒடுக்குமுறைக்குத் தப்பி ஓடிய சில குடும்பங்கள் 1722-இல் ஜெர்மனியின் சாக்சனிப் பகுதிக்கு வந்தன. சின்சென்டார்ஃப் என்ற இளம் பிரபு தம் நிலத்தில் அவர்கள் குடியேற இடம் கொடுத்தார். ஹெர்ன்ஹூட் என்ற சிற்றூர் அப்படித்தான் பிறந்தது. இந்தப் பிரபுவுக்கும் நம் தமிழுக்கும் ஒரு தொடர்பு உண்டு. அவர் சிறுவனாகப் படித்தது ஹாலே நகரத்துப் பள்ளியில். தரங்கம்பாடியிலிருந்து சீகன்பால்கு எழுதிய கடிதங்களை அங்கே படிக்கக் கேட்டு வளர்ந்தவர் அவர். கடல் கடந்து போய்ச் சமயப்பணி செய்யும் ஆசை அவருக்குள் விழுந்ததில் தமிழ்க் கடற்கரைக்கும் பங்கு உண்டு. பின்னாளில் 1760-இல் அவருடைய சபையினரே தரங்கம்பாடிக்கு வந்து, ஊருக்கு அருகே சகோதரர்களின் தோட்டம் என்று ஒரு குடியிருப்பை அமைத்தார்கள். அங்கிருந்து நிக்கோபார் தீவுகளுக்கும் போய்ப் பார்த்தார்கள். காய்ச்சலில் பலர் மடிந்தார்கள். 19-ஆம் நூற்றாண்டு தொடங்கிய சில ஆண்டுகளிலேயே அந்த முயற்சி முடிந்துவிட்டது.

இனி இடுகாட்டுக்கு வருவோம். இவர்கள் தங்கள் இடுகாட்டைக் கல்லறைத் தோட்டம் என்று சொல்வதில்லை. கடவுளின் வயல் என்பார்கள். ஆங்கிலத்தில் 'காட்ஸ் ஏக்கர்'. ஏக்கர் என்றதும் நாம் நில அளவை என்று நினைத்துக்கொள்வோம். ஜெர்மன் மொழியில் அது வயலைக் குறிக்கும் சொல். விதைத்தது முளைக்கும் என்ற நம்பிக்கையில் வைத்த பெயர். இறந்தவரைப் புதைத்தோம் என்பதைவிட விதைத்தோம் என்பது அவர்களுக்குப் பொருத்தமாகப் பட்டிருக்கிறது. முதல் வயல் ஹெர்ன்ஹூட்டில் ஒரு குன்றுச் சரிவில் 1730-இல் அமைந்தது. பிறகு இவர்கள் உலகில் எங்கெங்கே குடியேறினார்களோ, அங்கெல்லாம் ஊருக்குக் கோடு போடும்போதே வயலுக்கும் சேர்த்துக் கோடு போட்டார்கள்.

சேலத்தில் அந்த இடம் 1770-இல் அளந்து ஒதுக்கப்பட்டது. முதல் அடக்கம் 1771-இல். ஜான் பர்க்ஹெட் என்ற மணமாகாத சகோதரர். அன்று தொடங்கி இன்றுவரை அங்கே அடக்கம் நடக்கிறது. ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகள் உள்ளன.

நான் முதன்முதலில் அதன் வாயிலில் நின்றபோது, சொன்னால் சிரிப்பீர்கள், இடுகாடு எங்கே என்று தேடினேன். நம் கண்ணுக்குப் பழக்கமான எதுவுமே இல்லை. சிலுவை இல்லை, சிலை இல்லை, நிமிர்ந்து நிற்கும் ஒரு கல்கூட இல்லை. வெள்ளை வளைவு வாயிலைத் தாண்டினால் புல்வெளி, வரிசை வரிசையாக மரங்கள், நேர்கோடு பிடித்த நடைபாதைகள். புல்லோடு புல்லாகத் தரையில் படுத்திருக்கும் வெள்ளைக் கற்கள். பெரியவர்களின் கல் ஒவ்வொன்றும் நீளம் 24 அங்குலம், அகலம் 20 அங்குலம், கனம் 4 அங்குலம். ஒரு தலையணை அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழாயிரம் தலையணைகளை யாரோ வெயிலில் காய வைத்ததுபோல இருந்தது எனக்கு.

சேலம் நகரைத் திட்டமிட்டு, குடியேற்றப் பகுதி முழுவதையும் பல ஆண்டுகள் நிர்வகித்தவர் மார்ஷல் என்பவர். 1802-இல் இறந்தார். நம் ஊராக இருந்தால் அவருக்கு ஒரு மண்டபமே எழும்பியிருக்கும். அங்கே அவரும் மற்றவர்களைப்போல ஒரு வரிசையில் படுத்திருக்கிறார். தச்சருக்கும் தலைவருக்கும் ஒரே கல். ஆனால் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். ஹெர்ன்ஹூட்டில் இந்த விதி எல்லாருக்கும் பொருந்தியதா என்றால், சின்சென்டார்ஃப் பிரபு குடும்பத்தின் கல்லறைகள் மட்டும் நட்ட நடுவில் உயர்ந்த பெரிய கற்களோடு இருக்கின்றன. சமத்துவம் பேசிய பிரபுதான், இருந்தாலும் பிரபு.

அடுத்து வரிசை. இதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. அங்கே குடும்பக் கல்லறை கிடையாது. கணவனுக்குப் பக்கத்தில் மனைவி இல்லை. தாயின் காலடியில் குழந்தை இல்லை. மணமான ஆண்களுக்கு ஒரு சதுரம், மணமான பெண்களுக்கு ஒரு சதுரம், மணமாகாத ஆண்கள், மணமாகாத பெண்கள், சிறுவர், சிறுமியர் என்று பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு சதுரத்துக்குள்ளும் இறந்த தேதி வரிசைதான் இடத்தைத் தீர்மானிக்கிறது. நேற்று ஒரு பணக்காரர் இறந்து, இன்று ஒரு கொத்தனார் இறந்தால், இருவரும் அடுத்தடுத்து. உங்கள் தாத்தாவைத் தேடிப் போகிறீர்கள் என்று வையுங்கள். குடும்பப் பெயர் மட்டும் தெரிந்தால் பயனில்லை. மணமானவரா, எப்போது இறந்தார் என்று தெரிந்திருக்க வேண்டும். அது தெரிந்தால் நேராக நடந்து போய் நின்றுவிடலாம்.

இது செத்த பிறகு மட்டும் போட்ட கணக்கு இல்லை. அவர்கள் வாழ்ந்ததே அப்படித்தான். வயது, ஆண் பெண், மணம் இவற்றை வைத்துச் சபையைக் குழுக்களாகப் பிரித்திருந்தார்கள். மணமாகாத ஆண்கள் எல்லாரும் ஒரே பெரிய வீட்டில் சேர்ந்து தங்கி, சேர்ந்து உண்டு, தொழில் பழகினார்கள். சேலத்தில் 1769-இல் கட்டிய சகோதரர் இல்லம் இன்றும் நிற்கிறது. பெண்களின் தலைத் துணியைக் கட்டும் ரிப்பனின் நிறத்திலேயே அவர் யார் என்று தெரிந்துவிடும். மணமாகாதவருக்கு இளஞ்சிவப்பு, மணமானவருக்கு நீலம், கைம்பெண்ணுக்கு வெள்ளை. ஒருவர் இறந்தால் தேவாலயத்திலிருந்து டிராம்போன் ஊதுவார்கள். முதல் மெட்டு ஒரு மரணம் நிகழ்ந்துவிட்டது என்பதற்கு. இரண்டாவது மெட்டு இறந்தவர் எந்தக் குழு என்பதற்கு. பிறகு மறுபடியும் முதல் மெட்டு. வயலில் களை பறித்துக்கொண்டிருப்பவருக்கு இரண்டாவது மெட்டைக் கேட்டதுமே, போனது ஒரு கைம்பெண்ணா, சிறுவனா என்று தெரிந்துவிடும். நம் தோட்டங்களில் பறை அடிக்கும் ஓசையிலேயே சாவுச் செய்தியைத் தெரிந்துகொண்ட பெரியவர்களுக்கு இது எளிதாகப் புரியும்.

கல்லில் பெயர், பிறப்பு, இறப்பு இவ்வளவுக்குத்தான் இடம் உண்டு. மற்றதெல்லாம் எங்கே போயிற்று என்று கேட்பீர்கள். ஒவ்வொரு மொராவியரும் தம் வாழ்க்கையைத் தாமே எழுதி வைக்கும் வழக்கம் இருந்தது. எங்கே பிறந்தேன், எப்படி வளர்ந்தேன், எதில் தடுக்கி விழுந்தேன் என்று. எழுதத் தெரியாதவர் சொல்ல, மற்றவர் எழுதினார். அடக்கத்தின்போது அதைச் சபையில் படித்தார்கள். பிறகு பத்திரப்படுத்தினார்கள். ஆயிரக்கணக்கான அந்தக் குறிப்புகள் இன்றும் சபையின் ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன. சமையற்காரியின் வாழ்க்கையும் இருக்கிறது, ஆயரின் வாழ்க்கையும் இருக்கிறது. வரலாற்று ஆய்வாளர்களுக்கு அது தங்கச் சுரங்கம்.

இலண்டன் செல்சியிலும் இவர்களுக்குச் சிறிய இடுகாடு ஒன்று உண்டு. நான்கே சதுரங்கள். ஆண்களில் மணமானவர், ஆகாதவர், பெண்களிலும் அப்படியே. கற்கள் சிறியவையாக இருப்பதைப் பார்த்த இலண்டன்வாசிகள், இவர்கள் பிணத்தை நின்ற நிலையில் புதைக்கிறார்கள் என்று கதை கட்டிவிட்டார்கள். சின்னக் கல்லைப் பார்த்தால் மனிதனுக்கு அவ்வளவு சந்தேகம்!

இவ்வளவு நேரம் நான் சொன்னதைக் கேட்டு, எவ்வளவு நல்ல மனிதர்கள் என்று நினைத்திருப்பீர்கள். நானும் அந்தப் புல்வெளியில் நின்று அப்படித்தான் நினைத்தேன். அன்று ஈஸ்டருக்கு முந்திய சனிக்கிழமை. வாளியும் தூரிகையுமாகக் குடும்பம் குடும்பமாக வந்து கற்களைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள். குழந்தைகள் பூ வைத்தார்கள். சீன நண்பர்களின் செங் பெங் நாள்போல இருந்தது. ஒரு மூதாட்டி தம் உறவினர் கல்லைக் கழுவி முடித்துவிட்டுப் பக்கத்துக் கல்லையும் கழுவினார். தெரிந்தவர்களா என்று கேட்டேன். இல்லை, வாளியில் தண்ணீர் மிச்சம் இருக்கிறது என்றார்.

மறுநாள் அதிகாலை இரண்டு மணிக்கே வாத்தியக் குழுக்கள் நகரத் தெருக்களில் ஊதிக்கொண்டு போயின. விடியலுக்கு முன் தேவாலயத்தின் வெளியே குளிரில் ஒரு பெருங்கூட்டம். ஆயிரக்கணக்கானோர். வழிபாடு தொடங்கிப் பாதியிலேயே எல்லாரும் வயலை நோக்கி மெல்ல நடந்தார்கள். ஒரு மூலையில் ஒரு குழு ஊத, மறு மூலையில் இன்னொரு குழு பதில் சொல்வதுபோல ஊதியது. ஹெர்ன்ஹூட்டில் 1732-இல் சில இளைஞர்கள் விடியலில் இடுகாட்டுக்குப் போய்ப் பாடியதிலிருந்து வந்த வழக்கம் இது. சேலத்தில் 1772-இல் தொடங்கியது. படம் எடுக்கப் போனவள் கேமராவைக் கீழே இறக்கிவிட்டுச் சும்மா நின்றேன்.

அன்று பிற்பகல்தான் அதே ஊரின் இன்னொரு இடுகாட்டைப் பார்த்தேன்.

இந்தச் சபை கடல் கடந்து அனுப்பிய முதல் இருவர் போனது யாரிடம் தெரியுமா? 1732-இல் கரிபியனில் இருந்த செயின்ட் தாமஸ் தீவுக்கு, அங்கே அடிமைகளாக இருந்த ஆப்பிரிக்கர்களிடம். கோபன்ஹேகனில் சந்தித்த அந்தோன் என்ற அடிமை மனிதர், தம் தமக்கை அந்தத் தீவில் இருக்கிறார் என்று சொல்லித்தான் அவர்களை அனுப்ப வைத்தார். அடிமையும் ஆண்டவன் பிள்ளைதான் என்று சொல்லிக்கொண்டு கிளம்பிய சபை அது. அதே சபை சேலத்தில் அடிமைகளை விலைக்கு வாங்கியது. தனியொருவர் தம் விருப்பம்போல வாங்கக் கூடாது, சபையின் அனுமதி வேண்டும் என்று கட்டுப்பாடு இருந்ததே தவிர, வாங்கவே கூடாது என்று இல்லை. சபையே வாங்கி வைத்துக்கொண்டது.

ஆனால் ஆரம்பத்தில் ஒரு விசித்திரம் நடந்தது. சபையில் சேர்ந்த அடிமையும் வெள்ளையரும் ஒரே கூடத்தில் வழிபட்டார்கள். சகோதரன் என்றே அழைத்துக்கொண்டார்கள். இறந்தால் ஒரே வயலில், அதே தேதி வரிசையில், அதே அளவுக் கல்லுக்குக் கீழே.

ஆபிரகாம் என்று ஒருவர். மேற்கு ஆப்பிரிக்காவில் மண்டிங்கோ இனத்தில் பிறந்தவர். அங்கே நடந்த போர் ஒன்றில் பிடிபட்டு விற்கப்பட்டுக் கைமாறிக் கைமாறிச் சேலத்துக்கு வந்து சேர்ந்தார். சபை அவரை வாங்கித் தோல் பதனிடும் பட்டறையில் வேலைக்கு வைத்தது. 1780-இல் திருமுழுக்குப் பெற்று ஆபிரகாம் ஆனார். 1797-இல் இறந்தார். அவருடைய வாழ்க்கைக் குறிப்பும் மற்றவர்களுடையதைப்போலவே எழுதிப் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. அவர் எங்கே பிறந்தார், எப்படிப் பிடிபட்டார் என்றெல்லாம் இன்று நான் இங்கே நின்று உங்களுக்குச் சொல்ல முடிவது அந்தக் குறிப்பால்தான். அந்தக் காலத்தில் அமெரிக்காவில் அடிமையாக இறந்தவர்களில் எத்தனை பேருக்குப் பெயராவது மிஞ்சியது?

பீட்டர் ஆலிவர் என்ற குயவர் இன்னொருவர். 1766-இல் வெர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்தவர். மண்பாண்டம் செய்வதில் கைதேர்ந்தவர். சம்பாதித்துச் சேர்த்து 1800-இல் தம் விடுதலையைத் தாமே விலை கொடுத்து வாங்கினார். ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்து, மனைவி மக்களோடு பத்து ஆண்டுகள் சுதந்திர மனிதராக வாழ்ந்தார். 1810-இல் இறந்தபோது அவரையும் கடவுளின் வயலில்தான் அடக்கம் செய்தார்கள்.

அதற்குப் பிறகு ஆறே ஆண்டுகள். 1816-இல் கறுப்பினத்தவருக்குத் தனி இடுகாடு என்று முடிவானது.

யாரோ ஒரு கொடுமைக்காரர் வந்து செய்த மாற்றம் இல்லை இது. கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. குடியேறி வந்த முதல் தலைமுறை போய், அமெரிக்காவில் பிறந்த தலைமுறை தலையெடுத்தது. சுற்றிலும் இருந்தவர்கள் எப்படி நடந்துகொண்டார்களோ, அப்படியே இவர்களும் நடக்க ஆரம்பித்தார்கள். 1790-களிலேயே வழிபாட்டில் கறுப்பினத்தவரோடு ஒரே வரிசையில் உட்கார முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். பெஞ்சில் தொடங்கியது. பிறகு இடுகாட்டுக்கு வந்தது. 1822-இல் கறுப்பினத்தவருக்குத் தனிச் சபை. 1823-இல் ஊரின் கீழ்க்கோடியில், அந்தத் தனி இடுகாட்டுக்கு அருகே மரத்தாலான தேவாலயம். தேதி வரிசையில் யாரும் யாருக்கும் பக்கத்தில் படுக்கலாம் என்று இருந்த விதி, இப்படியாக வெள்ளையருக்கு மட்டும் என்று சுருங்கிப்போனது.

1861-இல் அங்கே செங்கல் தேவாலயம் எழுந்தது. 1865-ஆம் ஆண்டு மே 21-ஆம் நாள் வடக்குப் படையின் குதிரைப்படைப் பிரிவைச் சேர்ந்த சமயகுரு ஒருவர் அந்தத் தேவாலயத்தில் எழுந்து நின்று, நீங்கள் எல்லாரும் விடுதலை பெற்றவர்கள் என்ற அறிவிப்பைப் படித்தார். அந்தக் கட்டடம் இன்றும் நிற்கிறது. 1914-இல் அதற்குப் புனித பிலிப்பு தேவாலயம் என்று பெயர் வைத்தார்கள்.

அதன் இடுகாட்டைப் பார்க்கலாம் என்று சுற்றிச் சுற்றி வந்தேன். காலையில் பார்த்த இடத்தில், இடுகாடு எங்கே என்று தேடியதற்குக் காரணம் கற்கள் படுத்திருந்தது. இங்கே தேடியதற்குக் காரணம் கற்களே இல்லாமல் போனது. 1890-இல் தேவாலயத்தின் முன்புறத்தை நீட்டிக் கட்டியபோது சில கல்லறைகளின் மேலேயே கட்டிவிட்டார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இடத்தை அழகுபடுத்துகிறோம் என்று மீதியிருந்த கற்களைப் பெயர்த்தெடுத்துத் தேவாலயத்தின் அடியில் தள்ளிவிட்டு மேலே புல் வளர்த்தார்கள். மேலே வழிபாடு நடந்தது, கீழே கற்கள் கிடந்தன. 1990-களில் தொல்லியலாளர்கள் வந்து தோண்டி ஆராய்ந்த பிறகுதான் அவை மறுபடியும் வெளிச்சத்துக்கு வந்தன.

எனக்கு அப்போது என் பாட்டியின் நினைவு வந்தது. எங்கள் தோட்டத்து இடுகாட்டில் கங்காணி வீட்டுச் சமாதிகள் மேட்டில் இருக்கும். மற்றவை சரிவில், மழைத் தண்ணீர் ஓடும் பக்கத்தில். பாட்டி சரிவில்தான். தலைமாட்டில் ஒரு பலகை, அதில் அப்பா கையால் தாரில் எழுதிய பெயர். தோட்டம் கைமாறி வீடமைப்புக்குப் போனபோது நாங்கள் போய்ச் சேர்வதற்குள் மண் தள்ளியாகிவிட்டது. மேட்டில் இருந்த கல் சமாதிகளை எடுத்துப் போக நோட்டீஸ் வந்ததாகச் சொன்னார்கள். பலகைக்கு யார் நோட்டீஸ் அனுப்புவார்கள்? அப்பா அதைப் பற்றி அதிகம் பேசமாட்டார். அந்த வழியாகக் கார் போகும்போது மட்டும் ரேடியோவை அணைத்துவிடுவார்.

அதனால்தான் சேலத்தில் எனக்கு இரண்டு இடங்களும் சேர்ந்தே மனத்தில் நிற்கின்றன. மேலே இருக்கும் வயலை மட்டும் படம் பிடித்துக்கொண்டு வந்து, பாருங்கள், எல்லாருக்கும் ஒரே அளவுக் கல் என்று உங்களிடம் காட்டியிருந்தால் பாதி உண்மையைத்தான் காட்டியிருப்பேன். அது பொய் என்றும் சொல்ல முடியாது. ஆபிரகாமும் பீட்டர் ஆலிவரும் அங்கேதான் இருக்கிறார்கள். 1816-க்கு முன் அந்த மனிதர்களால் அப்படி வாழவும் புதைக்கவும் முடிந்தது. முடியும் என்று செய்து காட்டிவிட்டுப் பிறகு கைவிட்டார்கள் என்பதுதான் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. தெரியாமல் செய்தார்கள் என்று சொல்லித் தப்பிக்க அவர்களுக்கு வழியே இல்லை.

தப்பிக்கவும் இல்லை. 2006-இல் அந்தச் சபையின் தென் மாகாணப் பேரவை, அடிமை முறையில் தங்களுக்கு இருந்த பங்குக்காக மன்னிப்புக் கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றியது. நூற்றைம்பது ஆண்டு தாமதம்தான். அந்தச் சபையே ஒன்று விடாமல் எழுதி வைத்திருந்த ஏடுகள்தான் அதற்கு எதிரான சாட்சியும் ஆயின என்பதை ஊடகத்தில் வேலை செய்கிறவள் என்ற முறையில் நான் கவனித்தேன். எழுதாமல் விட்டிருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்?

ஒரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன். மொராவியக் குடியிருப்புகளில் டென்மார்க்கின் கிறிஸ்டியான்ஸ்ஃபெல்ட் 2015-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமானது. 2024-இல் ஹெர்ன்ஹூட், வட அயர்லாந்தின் கிரேஸ்ஹில், அமெரிக்காவின் பெத்லகேம் மூன்றையும் அதனோடு சேர்த்தார்கள். பென்சில்வேனியாவில் இருக்கும் பெத்லகேம் இது. அங்கேயும் ஒரு கடவுளின் வயல் உண்டு. 1742-இல் தொடங்கியது. மொஹிகன் பழங்குடியினர், ஆப்பிரிக்கர், ஜெர்மானியர் எல்லாரும் அந்தப் புல்வெளியில் கலந்து கிடக்கிறார்கள். அமெரிக்கா போகிறவர்கள் நேரம் இருந்தால் பார்த்துவிட்டு வாருங்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது.

சேலத்து வயலைவிட்டு வெளியே வந்து கேதுரு மரச் சாலையைக் கடந்தால் நகரத்தின் பொது இடுகாடு. 1857-இல் தொடங்கியது. அங்கே எல்லாம் நிமிர்ந்து நிற்கும். தூண், சிலை, குடும்பப் பெயர் பொறித்த பெரிய பெரிய கற்கள். வின்ஸ்டன், சேலம் சிகரெட்டுகளை விற்ற நிறுவனத்தைத் தொடங்கிய ரெனால்ட்ஸ் அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். நடுவில் ஒரு சாலைதான். இந்தப் பக்கம் நின்று பார்த்தால் அந்தப் பக்கம் ஒரு நகரம்போலத் தெரியும். அந்தப் பக்கம் நின்று பார்த்தால் இந்தப் பக்கம் ஒன்றுமே இல்லாததுபோலத் தெரியும்.

அப்பாவின் சமாதி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நான் இந்தக் கதையை எல்லாம் அண்ணனிடம் சொன்னேன், படங்களையும் காட்டினேன். பொறுமையாகப் பார்த்துவிட்டு, "அங்க எல்லாரும் ரெண்டடி வச்சிருக்காங்கம்மா. இங்க நாம மட்டும் ரெண்டடி வச்சா அப்பாவுக்குச் செய்ய மனசில்லாத பிள்ளைங்கன்னுதான் சொல்லுவாங்க" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஊரே ஒத்துக்கொண்டால்தான் சின்னக் கல்லுக்கு மரியாதை. தனியாக வைத்தால் அது வெறும் சின்னக் கல்.

அம்மா மட்டும் ஒன்று சொன்னார். கல் எவ்வளவு உயரம் வேண்டுமானாலும் இருக்கட்டும், முதலில் அப்பாவைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிக் கொடு, திதியன்று எல்லாருக்கும் முன்னால் நீயே படி என்றார். எந்தத் தோட்டத்தில் பிறந்தார், எந்த வருடம் லாரி ஓட்டப் பழகினார், பாட்டியின் பலகையில் என்ன எழுதியிருந்தார், எல்லாம் வர வேண்டுமாம். எழுதிக்கொண்டிருக்கிறேன். ஏழாவது பக்கத்தைத் தாண்டிவிட்டது. அடுத்த மாதம் திதி. உயரம் என்ன முடிவு பண்ணினீர்கள் என்று கேட்டுக் கல் வேலைக்காரர் நேற்றும் போன் செய்தார்.